ஏலியன் என்று யாரைச் சொல்கிறோம்?

 

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். வாசித்துவிட்டு வீட்டில் பிள்ளைகளோடும் பேசுங்கள்.

நமது பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்து ஏலியனை வரையச் சொன்னால் யோசிக்காமல் வரைந்து தருவார்கள். பெரிய தலை, கறுத்த கண், பச்சை உடம்பு. இன்னும் சிலர் பென் 10இல் வரும் ஒருவரை வரைவார்கள். கையில் கட்டிய மணிக்கூடு போன்ற கருவியைத் தட்டி, பத்து வகை வேற்றுக்கிரகவாசிகளாக மாறும் சிறுவனின் கதை அது. கார்ட்டூன் நெட்வர்க்கில் 2005 டிசம்பரில் தொடங்கியது. நமது பிள்ளைகளுக்கு ஏலியன் பழக்கப்பட்ட ஆள்.

ஆனால் இந்தச் சொல் விண்வெளிக்காகப் பிறந்ததல்ல. 'பிறருக்கு உரியது' என்ற பொருள் கொண்ட இலத்தீன் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. ஆங்கிலச் சட்டத்தில் பல நூறு வருடங்களாக அதற்கு ஒரே பொருள்தான்: இந்நாட்டுப் பிரஜை அல்லாதவர். வேறு கிரகத்தார் என்ற பொருள் பிற்காலத்தில் சேர்ந்தது. ரீவியில் வந்த ஏலியன்களுள் எல்லோரும் நினைவில் வைத்திருப்பவர்களை எடுத்துப் பார்த்தால், அந்தப் பழைய பொருள் அவர்களை விட்டுப் போகவே இல்லை என்பது தெரியும். அந்த வரலாற்றைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் இங்கிலாந்து. 1963 நவம்பர் 23ஆம் திகதி, அமெரிக்க ஜனாதிபதி கென்னடி கொல்லப்பட்டதற்கு மறுநாள், பிபிசி தொலைக்காட்சியில் 'டொக்டர் ஹூ' என்ற தொடர் ஆரம்பமானது. அதன் நாயகனுக்குப் பெயர் கிடையாது, டொக்டர் என்று மட்டும் சொல்வார்கள். பார்வைக்கு ஒரு வயதான வெள்ளைக்காரர். உண்மையில் சொந்த உலகத்துக்குத் திரும்ப முடியாமல், பேத்தியோடு அலைந்து திரியும் வேற்றுக்கிரகத்தார். அறுபது வருடம் கடந்தும் அந்தப் பாத்திரம் வாழ்கிறது.

அந்த முதல் கதையை இயக்கியவர் யார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பெயர் வாரிஸ் ஹுசைன். இந்தியாவின் லக்னோவில் 1938இல் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய தாயார் அத்தியா ஹுசைன் ஆங்கிலத்தில் எழுதிய புகழ்பெற்ற நாவலாசிரியர். சிறுவயதிலேயே குடும்பத்தோடு இங்கிலாந்துக்குப் போனவர் வாரிஸ். டொக்டர் ஹூவை இயக்கும்போது அவருக்கு வயது 24. அந்தத் தொடரின் தயாரிப்பாளர் வெரிட்டி லம்பேர்ட், பிபிசி நாடகப் பிரிவில் அன்றிருந்த ஒரே பெண் தயாரிப்பாளர். அன்றைய பிபிசியில் ஒரு பெண்ணும், வெளியூரில் பிறந்த ஓர் இளைஞனும் எப்படிப் பார்க்கப்பட்டிருப்பார்கள் என்று நாமே ஊகிக்கலாம். வீடு இழந்து அலையும் ஓர் அந்நியனை உலகத்துக்கு அறிமுகம் செய்தது அந்த இருவர்தான்.

அதே தொடரில் 1963 டிசம்பரில் 'டாலெக்' என்ற கூட்டம் வந்தது. இரும்புக் கூட்டுக்குள் வாழும் உயிரினங்கள். தங்களைப் போல் இல்லாத எதுவும் உயிரோடு இருக்கக் கூடாது என்பது அவற்றின் ஒரே கொள்கை. அவற்றைப் படைத்த டெரி நேஷன் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சிறுவனாக இருந்தவர். ஹிட்லரின் நாசிகளை மனதில் வைத்தே எழுதியதாகச் சொன்னார். ஆகவே ஒரே தொடரில் ஒரு ஏலியன் அடைக்கலம் தேடி அலைகிறார், இன்னொரு ஏலியன் கூட்டம் அழிக்க வருகிறது. இரண்டு தரப்பும் வேற்றுக்கிரகம்தான். வந்த இடத்தை வைத்து ஆளை எடைபோட முடியாது என்பதை எட்டு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்படி சொன்ன தொடர் அது.

அடுத்தது அமெரிக்கா. 1966 செப்டெம்பர் 8ஆம் திகதி 'ஸ்டார் ட்ரெக்' தொடங்கியது. அதில் ஸ்பொக் என்ற பாத்திரம். தந்தை வல்கன் என்ற கிரகத்தைச் சேர்ந்தவர், தாய் பூமியைச் சேர்ந்த பெண். கூரான காது, மேல்நோக்கி வளைந்த புருவம். இந்தக் காதைப் பார்த்து முதலில் பயந்தது பார்வையாளர்கள் அல்லர், நிறுவனம்தான். ஷைத்தானைப் போல் இருக்கிறது, சனம் வெறுத்துவிடும் என்று நினைத்தார்கள். விளம்பரப் புத்தகத்தில் ஸ்பொக்கின் காதையும் புருவத்தையும் திருத்திச் சாதாரண மனிதன் போல அச்சடித்தார்கள். தொடர் வந்த பிறகு நடந்தது வேறு. அந்தத் தொடரிலேயே அதிகம் நேசிக்கப்பட்டவர் அந்தக் கூர்க் காதுக்காரர்தான்.

ஸ்பொக்காக நடித்த லெனார்ட் நிமோய், உக்ரைனிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஒரு யூதக் குடும்பத்தின் மகன். வல்கன் மக்கள் ஒருவரை ஒருவர் சந்திக்கும்போது கையால் ஒரு சைகை வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. சிறுவயதில் யூத ஆலயத்தில், மதகுருமார் விரல்களை இரண்டிரண்டாகப் பிரித்து உயர்த்தி ஆசி வழங்குவதைத் தந்தையோடு நின்று பார்த்தது நினைவுக்கு வந்தது. அதையே வைத்தார். 1967இல் முதன்முதலாக வந்த அந்தச் சைகையை இன்று உலகமே செய்கிறது. கூடச் சொல்லும் முகமன், எதிரில் நிற்பவருக்கு நீண்ட ஆயுளும் செழிப்பும் வேண்டுவது. முன்பின் தெரியாதவரைக் கண்டாலும் ஸலாம் சொல்லிச் சாந்தி வேண்டும் நமக்கு இதன் பொருளை யாரும் விளக்கத் தேவையில்லை.

1968இல் ஒரு சிறுமி ஸ்பொக்குக்குக் கடிதம் எழுதினாள். பெற்றோரில் ஒருவர் கறுப்பினம், ஒருவர் வெள்ளையினம். இரண்டு பக்கமும் தன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை, ஸ்பொக்கும் தன்னைப் போல இரண்டுங்கெட்டான் என்பதால் எழுதுவதாகச் சொன்னாள். நிமோய் ஒரு சஞ்சிகையில் அவளுக்கு நீண்ட பதில் எழுதினார். பிறர் கூட்டத்தில் சேர்வதற்காக உன்னை மாற்றிக்கொள்ளாதே, உன்னிடம் உள்ளதை வளர்த்துக்கொள் என்பது அதன் சாரம். ஒரு ரீவி ஏலியன் ஒரு பிள்ளைக்கு ஆசிரியர் வேலை பார்த்த கதை இது.

மூன்றாவது யப்பான். 1966 யூலையில் தொடங்கிய 'அல்ட்ராமேன்' தொடர்களை நமது பிள்ளைகளும் அறிவார்கள். வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த வீரன் பூமியைக் காப்பாற்றுவான். அதை எழுதியவர்களில் முக்கியமானவர் கின்ஜோ டெட்சுவோ. ஒகினாவா தீவில் வளர்ந்தவர். போருக்குப் பிறகு 1972 வரை அந்தத் தீவு அமெரிக்க நிர்வாகத்தில் இருந்தது. ஒகினாவா மக்கள் யப்பானின் மற்றப் பகுதிகளுக்குப் போவதற்கே பயணப் பத்திரம் வேண்டியிருந்தது. அடுத்த தொடரான 'அல்ட்ராசெவ'னுக்கு 1968இல் அவர் எழுதிய ஒரு கதையில், கடலுக்கடியில் வாழும் ஒரு கூட்டம் மனிதரை எதிர்க்கிறது. போகப் போக வேறொரு செய்தி தெரியவருகிறது. பூமியில் முதலில் வாழ்ந்தவர்கள் அவர்கள்தான், மனிதர்தான் வந்து பிடித்தவர்கள் என்று. அதற்குள் மனிதப் படை அவர்களுடைய நகரத்தை அழித்துவிடுகிறது. பிள்ளைகள் பார்க்கும் தொடரில் இப்படி ஒரு கேள்வி.

அவருடைய நண்பர் உவெஹாரா ஷோசோவும் ஒகினாவாக்காரர். 1971இல் அவர் எழுதிய கதையை நாம் எல்லோரும் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். ஆற்றங்கரைக் குடிசையில் நோயாளியான ஒரு முதியவரும் ஓர் அநாதைச் சிறுவனும் வாழ்கிறார்கள். சிறுவன் ஏலியன் என்று ஊரில் கதை பரவுகிறது. கடையில் பாண் விற்க மறுக்கிறார்கள். கடைசியில் கூட்டமாகத் திரண்டு வந்து அவனை இழுத்துப் போகிறார்கள். பொறுக்க முடியாத முதியவர் வெளியே வந்து, ஏலியன் அவனல்ல, நான்தான் என்கிறார். அவர் உண்மையிலேயே வேற்றுக்கிரகவாசி. யாருக்கும் ஒரு தீங்கும் செய்யாதவர். பொலிஸ் சுட்டு அவர் இறந்துபோகிறார்.

இதற்குப் பின்னால் நிஜமான ஒரு வரலாறு இருக்கிறது. 1923 செப்டெம்பர் 1ஆம் திகதி டோக்கியோ பகுதியைப் பெரிய பூகம்பம் தாக்கியது. கொரியர்கள் கிணறுகளில் நஞ்சு கலக்கிறார்கள் என்று வதந்தி கிளம்பியது. சில நாட்களுக்குள் ஆயிரக்கணக்கான கொரியர்கள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். உவெஹாரா அதை மனதில் வைத்தே எழுதினார்.

கிணற்றில் நஞ்சு என்று வாசிக்கும்போது நமக்கு என்ன நினைவு வருகிறது? 2018 பெப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை ஒன்றில் மலட்டு மாத்திரை கலந்து கொடுத்ததாகக் கிளம்பிய கதை. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அடுத்த மாதம் திகன எரிந்தது. அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது மாத்திரை அல்ல, வெறும் மாவுக் கட்டி என்று தெரிந்தது. தெரிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

இனி நமது நாட்டுக்கு வருவோம். ரீவி ஏலியன்களின் வரலாற்றில் கொழும்புக்கும் இடம் உண்டு. விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இலங்கையில் குடியேறி, 2008இல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தார். செய்மதி வழியாக உலகம் முழுவதும் ஒலி, ஒளி பரப்பலாம் என்று 1945இலேயே எழுதியவர். நமது நாட்டில் ரீவி நிலையமே இல்லாத 1975இல், இந்தியா அவரது கொழும்பு வீட்டில் ஒரு செய்மதி அன்டெனாவைப் பொருத்திக் கொடுத்தது. ஐரிஎன் வந்தது 1979இல், ரூபவாஹினி 1982இல். கரண்ட் வராத லயங்களில் பெட்டரி பூட்டி ரீவி பார்த்ததெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கிளார்க் 1953இல் வெளியிட்ட நாவல் ஒன்றில் கரெலன் என்ற ஏலியன் வருகிறார். பூமியில் யுத்தத்தையும் பசியையும் ஒழிக்கிறார். ஆனால் 50 வருடம் முகத்தைக் காட்ட மாட்டார். காரணம், ஷைத்தானை வரையும் படங்களில் உள்ளதுபோல அவருக்குக் கொம்பும் சிறகும் வாலும் உண்டு. தன் நன்மையைப் பார்க்காமல் தோற்றத்தைப் பார்த்து மனிதர் ஓடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். கதையின் முடிவு துயரமானது, அது வேறு விடயம். 2015இல் இது ரீவி தொடராக வந்தது.

கிளார்க்கின் நண்பர் ஒருவர் வங்காளத்தின் சத்யஜித் ராய். அவர் 1962இல் சிறுவர் சஞ்சிகையில் எழுதிய கதையின் நாயகன் பங்குபாபு, ஒரு கிராமத்துப் பாடசாலை ஆசிரியர். ஊர்ப் பெரிய மனிதர் கூடும் இடத்தில் தினமும் அவரைக் கேலி செய்வார்கள். சாதுவானவர், வாய் திறக்க மாட்டார். ஒரு நாள் மூங்கில் காட்டில் அங் என்ற வேற்றுக்கிரகவாசியைச் சந்திக்கிறார். அங்குக்கு 14,000 மொழி தெரியும், வங்காளமும் பேசும். பங்குபாபு ஆசைப்பட்டும் பார்க்க முடியாத உலகங்களை அவருக்குக் காட்டுகிறது. இவ்வளவு அடங்கிப் போகாதே என்று சொல்லிவிட்டுப் போகிறது. அடுத்த நாள் பங்குபாபு நேராகப் போய், கேலி செய்தவர்களிடம் நாலு வார்த்தை கேட்கிறார்.

இதைத் தழுவி 'த ஏலியன்' என்ற படம் எடுக்க ராய் திட்டமிட்டார். அதற்கு உதவ 1967இல் கல்கத்தா போனவர் கிளார்க்கின் நண்பர் மைக் வில்சன். முதலாவது சிங்களக் கலர் படமான 'ரன் முத்து துவ'வை இயக்கியவர். ஹொலிவூட் வரை போன அந்தத் திட்டம் நிறைவேறவில்லை. ஆனால் அங் 2006இல் வங்காள ரீவிப் படத்தில் வந்துவிட்டது. ஊரே மதிக்காத ஓர் ஆசிரியரை மனிதனாக மதித்தது வெளியிலிருந்து வந்த அந்த ஒன்றுதான்.

இதையெல்லாம் இரத்தினபுரியிலிருந்து ஏன் எழுதுகிறோம்?

நமது தோட்டங்களில் பிறந்து வளர்ந்த சனத்தை 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று தலைகளை எண்ணிப் பிரித்தது. 1977இலும் 1981 ஆகஸ்ட்டிலும் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் லயங்கள் எரிந்தன. உயிர் தப்பியவர்கள் வவுனியா வரை போனார்கள். நாடற்றவர் என்ற நிலையை முடித்துவைக்கும் சட்டம் வந்தது 2003இல். வேறு கிரகத்திலிருந்து யாரும் வரவில்லை. தேயிலையும் இறப்பரும் வளர்த்த கைகளை இந்த நாடு ஏலியன் ஆக்கியது. பிறகு முஸ்லிம்களாகிய நமது முறையும் வந்தது.

நாமும் சுத்தமானவர்கள் என்று சொல்ல முடியுமா? 'தோட்டத்துப் பிள்ளை' என்று நமது வாயாலும் வருகிறது. 'அவங்க ஆட்கள்' என்று எல்லாப் பக்கத்திலும் சொல்கிறார்கள். வட்சப்பில் வருவதைப் பார்க்காமலே அடுத்தவருக்கு அனுப்புகிறோம். டோக்கியோவுக்கும் அம்பாறைக்கும் ஆரம்பம் அதுதான்.

ஆகவே உம்மா, வாப்பா, அம்மா, அப்பா எல்லோரிடமும் ஒரு சின்ன வேண்டுகோள். பிள்ளை ஏலியன் கார்ட்டூன் பார்க்கும்போது ரீவியை நிற்பாட்ட வேண்டாம். பக்கத்தில் கொஞ்சம் உட்காருங்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: இவர் என்ன தப்புச் செய்தார்? இவர் கெட்டவர் என்று முதலில் சொன்னது யார்? நீ அந்த ஊரில் இருந்தால் அவருக்குப் பாண் கொடுப்பாயா?

பதில்களைக் கீழே எழுதுங்கள். வகுப்பில் மற்றப் பிள்ளைகளோடும் பேசலாம்.