ஓவியப் படியும் மெய்நிகர்க் களமும்: கொரியப் போர்க்கலை வரலாறு காட்டும் ஓர் உண்மை

உடலாற் பயிலும் கலைகள் யாவும் ஆசிரியர் உடலினின்று மாணாக்கர் உடலுக்கு நேரே செல்வன. இவ்விருவர்க்கும் இடையே ஏடோ ஓவியமோ பொறியோ புகுமாயின், அது கலையைக் காக்க வந்தது என்றே பலரும் கருதுவர். அக்கருத்து முற்றும் பொருந்துமா என்பதைக் கொரிய நாட்டு வரலாறு கொண்டு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும். அந்நாட்டில் தோன்றிய டேக்வாண்டோ இன்று மெய்நிகர்க் களத்திலும் ஆடப்படுதலின், இவ்வாராய்ச்சி காலத்திற்கு ஏற்றதாகின்றது.

1592 முதல் 1598 வரை சப்பானியர் கொரியாவின்மேற் படையெடுத்தனர். வில்லில் வல்லவராயிருந்த கொரிய வீரர், நெருங்கி நின்று வாள்வீசும் போரில் இடர்ப்பட்டனர். அக்குறையை நீக்கச் சீனத் தளபதி சீ சிகுவாங் 1560-ஐ ஒட்டி எழுதிய படைநூலைத் துணையாகக் கொண்டு, ஆறு படைக்கலப் பயிற்சிகளை விளக்கும் நூலொன்று 1598-இல் தொகுக்கப்பெற்றது. 1759-இல் அப்பயிற்சிகள் பதினெட்டாயின. 1790-இல் சியோங்சோ மன்னர் ஆணையால் இருபத்து நான்கு பயிற்சிகளுடன் ‘மூயெதோபோதொங்சி’ வெளிவந்தது. நிலைதோறும் ஓவியம் வரைந்து, நிலைகளின் வரிசையையும் காட்டி, மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட நூல் அது. மூலம் சீன எழுத்தில் அமைந்தமையால், அதனை அறியாதார் பொருட்டுக் கொரிய மொழியாக்கமும் உடன் சேர்க்கப்பட்டது. 2017-இல் யுனெசுகோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் அஃது இடம்பெற்றது.

இத்துணைச் சிறந்த நூல் இருந்தும் கலை நிலைபெற்றதா? இல்லை. காலப்போக்கில் வாட்பயிற்சி தளர்ந்தது. 1907-இல் கொரியப் படை கலைக்கப்பட்டபோது, பயிற்றுவார் வழிமுறை பெரும்பாலும் அற்றது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆர்வலர் சிலர் அந்நூலைக் கொண்டே பயிற்சிகளை மீட்க முற்பட்டனர். ஓர் ஓவியத்திற்கும் அடுத்த ஓவியத்திற்கும் இடையே அடி பெயர்வது எங்ஙனம், விரைவு எவ்வளவு, மூச்சு எங்கே அடங்கும் என்பவற்றை நூல் முழுதும் உரைக்கவில்லை. ஆதலின் ஒரே நிலையைக் குழுவுக்கொரு வகையாக ஆடிக் காட்டலாயினர். உரை வழக்கு அறுந்த மூலத்திற்குப் பலர் பலவாறு பொருள் காண்பதைத் தமிழ் பயில்வார் நன்கு அறிவர். இதுவும் அன்னதே.

டேக்வாண்டோவை அந்நூலின் நேர் வழித்தோன்றலாகக் கூறுதல் பொருந்தாது. 1945-க்குப் பின் கொரியாவில் எழுந்த பயிற்சிக் கூடங்களின் ஆசிரியர் பலர் சப்பானியக் கராத்தே பயின்றவர். டேக்வாண்டோ என்னும் பெயர் 1955-இல் தோன்றியது. 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் அஃது பதக்கப் போட்டியாயிற்று. அதுவரை உதை பட்டதா என்பதை நடுவர் கண்ணே அளந்தது. 2012-இல் இலண்டன் ஒலிம்பிக்கில் மின்னணு மார்புக் காப்பு அப்பணியை மேற்கொண்டது. குறித்த அளவு விசை பதிந்தால் மதிப்பெண் வரும். நடுவர் ஐயத்தை நீக்க வந்த அப்பொறி, ஆட்டத்தின் இயல்பையே மாற்றியது. வீரர் முன்காலைத் தூக்கியவாறே நின்று, எதிரியின் காப்பை எட்டித் தொடுவதில் கருத்தூன்றினர். வாளின்றிக் காலால் ஆடும் வாட்போர் என்று அதனைப் பலர் பழித்தனர். பின்னர் விதிகள் திருத்தப்பட்டன. மார்பில் படும் நேர் உதைக்கு 2 மதிப்பெண்ணும், சுழன்று உதைப்பதற்கு 4 மதிப்பெண்ணும் என்றாயின. அளக்க வந்த கருவி, அளக்கப்படும் பொருளைத் தன் அளவிற்கு வளைத்தது என்பது ஈண்டு உணரத்தக்கது.

2023 சூன் திங்களில் சிங்கப்பூரில் நடந்த ஒலிம்பிக் மின்விளையாட்டு வாரத்தில் மெய்நிகர் டேக்வாண்டோ அரங்கேறியது. கண்ணை மூடும் காட்சிக் கருவியும் கைகால்களில் உணரிகளும் அணிந்த இருவர், தனித்தனி இடத்தில் நின்று உதைப்பர். அவர்தம் நிழலுருக்கள் திரையில் பொரும். அடிபட்ட உருவின் ஆற்றற் கோடு குறையும். மெய் மெய்யைத் தீண்டுவதில்லை. எனவே ஆணும் பெண்ணும் எதிர்நின்று ஆட இயல்கிறது. 2024-இல் இதற்கென உலகப் போட்டியும் சிங்கப்பூரிலேயே நடந்தது.

இதன் நன்மையை யாம் மறுக்கவில்லை. எதிராளியின் உதையால் வரும் காயம் இல்லை. உடல் எடை தடையன்று. உணரிகள் மூட்டுகளின் இயக்கத்தை இடையறாது பதிவதால், 1790-இன் ஓவியங்கட்கு இடையே நின்ற வெற்றிடம் இனி நேராது. மூத்த ஆசிரியர் ஒருவரின் அசைவை அவர் மறைந்த பின்னும் மாணாக்கன் சுற்றிவந்து காணலாம். மெய்க்காட்சியின்மேல் உருவம் படியவைக்கும் முறையால், அவ்வசைவைத் தன் அருகே நிறுத்தியும் பயிலலாம்.

ஆயினும் மார்புக் காப்பின் வரலாறு நம்மை எச்சரிக்கின்றது. அக்காப்பு விசையையேனும் அளந்தது. மெய்நிகர்க் களத்திலோ எதிர்த்துத் தள்ளும் உடலே இல்லை. தடுக்கப்பட்ட கால் நிலைகுலைவதும், அடி வாங்கிய பின் மூச்சை மீட்பதும், எதிரே நிற்பவன் மனிதன் என்றறிந்து கையடக்குவதும் அங்கே மதிப்பெண் பெறா. மதிப்பெண் பெறாதவை காலப்போக்கில் பயிற்சியினின்றும் நீங்கும். அக்களத்தில் மட்டுமே பயின்ற தலைமுறைக்குத் தாம் இழந்தது யாதென்றும் தெரியாது. ஏட்டுச் சுரைக்காயைக் கறிக்கு உதவாது என்று அறிந்து ஒதுக்கலாம். திரைச் சுரைக்காயோ காய்த்துத் தொங்குவதாகவே தோன்றும்.

ஆதலின் பதிவு வேறு, பயிற்சி வேறு எனக் கொள்ளுதலே நெறியாகும். 1790-இல் நூல் தொகுத்தோர் மூவர். யி தொக்மூ, பாக் செகா ஆகிய இருவரும் புலவர். பெக் தொங்சூ படைவீரர். ஏட்டிலுள்ளதைக் கையாற் செய்து சரிபார்ப்பது அவ்வீரரின் பணியாயிருந்தது. உணரி கொண்டு கலையைப் பதிவோர் குழுவிலும், பதிந்ததை ஆடிப் பார்த்து ‘இஃது அன்று’ என மறுக்கும் உரிமையுடைய ஆசிரியர் ஒருவர் இருத்தல் வேண்டும் என்பதே எம் துணிபு.