செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா (1906–1933)

தமிழ் நாடக மேடையின் பெரும் பாடகர். பெயரில் உள்ள ‘எஸ்’ செங்கோட்டையைக் குறிக்கும். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் பக்கத்தில், சாரல் விழும் மலையடிவாரத்தில் இருக்கிறது அந்த ஊர். அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956இல்தான் தமிழகத்தோடு சேர்ந்தது. பாட்டும் கூத்தும் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர், தென்காசியை ஒட்டிய மேலகரத்துக்காரர்.

கிட்டப்பா பிறந்தது 1906 ஆகஸ்ட் 25. இயற்பெயர் ராமகிருஷ்ணன். பள்ளிக்கூடம் பார்க்க வேண்டிய வயதில், அண்ணன்மாரோடு சங்கரதாஸ் சுவாமிகளின் நாடக சபையில் வேஷம் கட்டினார். பிறகு சி. கன்னையாவின் ஸ்ரீ கிருஷ்ண விநோத சபா அவரை அழைத்துக்கொண்டது. காட்சி ஜோடனைக்குப் பேர்போன கம்பெனி அது. அங்கே ‘தசாவதாரம்’ நாடகத்தில் மோகினியாகவும் பரதனாகவும் வந்து பாடினார். கூட்டம் பாட்டுக்காகவே வந்தது.

ஒலிபெருக்கி இல்லாத காலம். விடிய விடிய நடக்கும் நாடகத்தில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரருக்கும் சொல் தெளிவாகக் கேட்டாக வேண்டும். அதனால் நாடகப் பாடகர்கள் உயர்ந்த கட்டையில் சுருதி வைத்தார்கள். அந்த உயரத்திலும் கிட்டப்பாவின் குரல் பிசிறவில்லை. மேல் ஸ்தாயியில் நின்றுகொண்டே பிருகாக்களை உதிர்க்கும்.

அந்தக் குரலுக்கு இன்னொருவர் கம்பெனி நெடுநாள் போதவில்லை. கிட்டப்பா கன்னையா கம்பெனியிலிருந்து விலகி, சகோதரர்களோடு சொந்தக் குழு கண்டார்.

1920களின் நடுவில் இலங்கையில் கே. பி. சுந்தராம்பாளோடு ஜோடி சேர்ந்தார். அவர் குரலுக்கு எதிரே நிற்க முடியாது என்று சுந்தராம்பாளைச் சிலர் பயமுறுத்தியதாக நாடக உலகில் ஒரு கதை உண்டு. ‘வள்ளி திருமணம்’ மேடையில் இருவரும் சரிக்குச் சரியாகப் பாடினார்கள். 1927இல் மணந்துகொண்டார்கள். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியின் நட்பு கிடைத்தது. கிட்டப்பா கதர் அணிந்தார்.

மேடைக்கு அப்பால் அவருக்குத் தனிப் பெயர் தந்தது கிராமபோன். ஓர் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே பதிய முடியும். மேடையில் மணிக்கணக்கில் விரித்த பாட்டை அந்த அளவுக்குள் சுருக்கித் தந்தார். தியாகராஜரின் ‘எவரனி’ கீர்த்தனையை நாடகக் கொட்டகை பார்க்காதவர்களும் அவர் தட்டில் கேட்டு ரசித்தார்கள்.

முதல் தமிழ்ப் பேசும் படம் ‘காளிதாஸ்’ 1931இல் வந்தது. கிட்டப்பா எதிலும் நடிக்கவில்லை. 1933 டிசம்பர் 2 அன்று, 27 வயதில், இறந்தார். 25 வயதுச் சுந்தராம்பாள் வெள்ளைப் புடவைக்கு மாறினார். ஆண்களோடு ஜோடியாக நடிப்பதை நிறுத்தினார். 1935இல் ‘நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே வேஷமிட்டு, ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் பெற்றார்.

கிட்டப்பாவின் பாணியை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுவந்தவர் டி. ஆர். மகாலிங்கம். கிட்டப்பா பாடிப் புகழ்பெற்ற ‘காயாத கானகத்தே’, 1945இல் வந்த ‘ஸ்ரீ வள்ளி’ படத்தில் அவர் குரலில் மறுபடி ஒலித்தது.