தையற்காரர் இல்லாத மஅபரும் காயல் வணிகரின் கமீஸும்

வ.உ.சி. துறைமுகத்திற்குத் தெற்கே அமைந்த காயல், 13ஆம் நூற்றாண்டில் முத்துக்கும் குதிரைக்கும் பெயர்பெற்ற பட்டினம். 1292ஆம் ஆண்டையொட்டி இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, மஅபர் நாடெங்கும் சட்டை வெட்டித் தைக்கத் தையற்காரர் ஒருவரும் இலர் என எழுதினார். யாவரும் மேலாடையின்றி இருந்தனர் என்பது அவர் கூறும் காரணம். ஆனால் ஹொர்முஸ், கீஷ், ஏடன் துறைகளிலிருந்து குதிரை ஏற்றிய மரக்கலங்கள் காயலுக்கு வந்ததையும் அவரே குறிக்கிறார். ஹொர்முஸ் கலங்கள் இரும்பாணியின்றித் தென்னை நார்க்கயிற்றால் தைக்கப்பட்டவை என்பதும் அவர் தரும் செய்தியே! அக்கலங்களில் வந்த வணிகரின் கமீஸ் கிழிந்தால் ஊசி எடுத்தவர் யார்? போலோ அதைக் கேட்கவில்லை.

தையல் தமிழகத்திற்குப் புதிதன்று. சிலப்பதிகாரம் புகார் நகரில் துன்னகாரரைக் காட்டுகிறது. எனினும் சட்டை நெடுங்காலம் அயலாரின் அடையாளமாகவே இருந்தது. முல்லைப்பாட்டில் மெய்ப்பை அணிந்தோர் யவனர். சீவக சிந்தாமணியில் குப்பாயம் அணிந்தவன் மிலேச்சன். அக்குப்பாயமே பிற்காலத்தில் மலபார் முஸ்லிம் பெண்களின் மேலாடைக்குப் பெயராயிற்று.

விழா மேடைகளில் காயல் வணிகராகத் தோன்றுவோர்க்கு மினுமினுக்கும் அங்கியும் முதுகில் ஜிப்பும் வைத்துவிடுகின்றனர். இதனைப் பொறாமல், ஐம்பதைக் கடந்தபின் நாமும் ஊசியைக் கையிலெடுத்தோம். இத்ரீஸ் (அலை) அவர்களே முதன்முதல் ஆடை தைத்தவர்கள் என்னும் மரபுரை நமக்குத் துணிவளித்தது.

முதிய மாணாக்கருக்குப் பழைய கமீஸ் ஏற்ற பாடம். அதன் வெட்டில் கழுத்தைத் தவிர வளைவு இல்லை. நீண்ட துணியைத் தோளில் மடித்தால் உடற்பகுதி, கைகள் நீள்சதுரம், ஒரு நீள்சதுரத்தை மூலைவாட்டில் வெட்டினால் பக்கங்களுக்கு இரு முக்கோணங்கள். வட இந்தியத் தையற்காரர் இம்முக்கோணத்தைக் ‘கலி’ என்பர். துணியில் ஏறக்குறைய ஒன்றும் வீணாவதில்லை. கைத்தறியின் குறுகிய அகலத்திற்கும் துணியின் விலைக்கும் இவ்வெட்டே பொருத்தம்.

திணறுமிடம் அக்குளில் வைக்கும் சதுரத் துண்டு. அதற்குச் ‘சௌபகலா’ எனப் பெயர்; ‘பகல்’ பாரசீகத்தில் அக்குள். நான்கு பக்கமும் தையல் வருவதால் மூலையில் துணி சுருங்கும். தையலுக்கு விடும் ஓர அளவு மீந்திருக்கையிலேயே நிறுத்தி, துணியைத் திருப்பி அடுத்த பக்கத்தைத் தொடங்கவேண்டும். இத்துண்டு இல்லையேல் கையை உயர்த்தும்போது ஆடை முழுதும் மேலேறும். குதிரையின் கடிவாளம் பிடிப்பவருக்கு அது ஆகாது. பொத்தான் என்னும் சொல்லே போர்த்துக்கீசியர் வழி வந்தது. காயல் வணிகரின் கழுத்துக்குத் துணிமுடிச்சும் கண்ணியும் போதும்.