மீன்வளர்ப்பில் மோப்ப உணர்வு

நீரில் கரைந்த வேதிப்பொருள்களை உணர்ந்து வளர்ப்பு மீன்கள் இரையைக் கண்டறிய உதவும் புலன். பெரும்பாலான மீன்களின் மூக்குத் துளைகளுக்கும் சுவாசத்துக்கும் தொடர்பில்லை. துளைக்குள் நுழையும் நீர், அங்குள்ள மடிப்புகளின் மோப்ப உயிரணுக்களைத் தொட்டு வெளியேறுகிறது.

தூண்டுபொருள்கள்: அமினோ அமிலங்கள் முதன்மையானவை, பீட்டெய்னும் நியூக்ளியோடைடுகளும் தூண்டக்கூடியவை. மோப்பம் மீனை இரையின் பக்கம் ஈர்க்கிறது. விழுங்குவதா துப்புவதா என்பதைச் சுவை முடிவுசெய்கிறது.

மதுரைச் சமவெளியில்: அவனியாபுரத்தைச் சூழ்ந்த இச்சமவெளியின் கண்மாய்களிலும் பண்ணைக்குட்டைகளிலும் வளர்க்க ஏற்ற கெண்டைகளில் கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுமட்டத்திலும், மிர்கால் அடிமட்டத்திலும் இரை தேடும். நீர் கலங்கிப் பார்வை குறையும்போது மோப்பத்தின் பங்கு கூடுகிறது. கடலைப் பிண்ணாக்கும் தவிடும் கலந்த தீவனத்தைத் துளையிட்ட பைகளில் கட்டித் தொங்கவிட்டால், கரைந்து பரவும் மணம் மீன்களைத் திரட்டும். நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் இட்டால் மீன்கள் விரைவில் பழகிக்கொள்ளும்.

பாதிப்புகள்: செம்பு உப்புகளும் சில பூச்சிக்கொல்லிகளும் மோப்ப உயிரணுக்களைச் சிதைக்கும். காயமுற்ற தோலிலிருந்து கசியும் பொருளை முகர்ந்தால் கெண்டைக் குடும்ப மீன்கள் அஞ்சி விலகும். இதை 1938இல் கார்ல் வான் ஃபிரிஷ் விவரித்தார். சிக்குப் பிடித்த தீவனத்தை மீன்கள் குறைவாகவே உண்ணும்.

உண்ணப்படாத தீவனம் அடியில் அழுகி அம்மோனியாவைப் பெருக்கும். ஆதலால் புதிய தீவனத்தை உலர்ந்த இடத்தில் சேமித்து, மீன்கள் உண்ணும் அளவறிந்து இட வேண்டும்.