மும்பைத் தமிழர் குடியிருப்புகளும் 2005ஆம் ஆண்டுப் பெருமழையும்: தாராவி, மாட்டுங்கா, செம்பூர்

'புயல்' என்னும் சொல் இன்று சுழன்றடிக்கும் பெருங்காற்றையே குறிக்கின்றது. பழந்தமிழில் அது மேகத்தையும் மழையையும் குறித்தது. திருக்குறளிலும் மழைப்பொருளிலேயே ஆளப்பட்டுள்ளது. காற்று என்னும் பொருள் பின்னர் வந்து சேர்ந்ததாகும். மும்பைத் தமிழர் கண்ட பேரிடரை வரலாற்று நோக்கில் அணுகுங்கால் இப்பழம்பொருளே பொருந்துகின்றது. 2005ஆம் ஆண்டு சூலை 26ஆம் நாள் அந்நகரை வீழ்த்தியது காற்றன்று, நீரே.

காற்றுப் பெயர்களும் இங்கு எண்ணத்தக்கன. கிழக்கிலிருந்து வீசுவது கொண்டல். மேற்கிலிருந்து வீசுவது கோடை. கொண்டல் என்பதற்கு மேகம் என்னும் பொருளும் உண்டு. தமிழகக் கீழைக்கடற்கரைக்கு மழை தருவது அக்காற்றேயாதலின் இப்பொருள் வளர்ச்சி இயல்பானது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து மும்பைக்குக் குடிபெயர்ந்தோர் ஐப்பசி, கார்த்திகையை மழைக்காலமாக அறிந்தவர்கள். அவர்கள் சென்ற ஊரிலோ மேற்குக் காற்றே மழையைக் கொணர்ந்தது. ஆனி, ஆடியில் வானம் திறந்தது. மழையின் திசையும் பருவமும் மாறிய நிலத்தில் வீடு கட்டியவர்களின் வரலாறு இது.

நிகழாத புயலும் நிகழ்ந்த புயல்களும்

மும்பையின் பேரிடர்களைத் தொகுத்துரைக்கும் பட்டியல்கள் பலவற்றில், 1882 சூன் மாதம் ஒரு புயல் தாக்கி ஓரிலட்சம் பேர் மாண்டதாகக் குறிப்பொன்று நெடுங்காலம் இடம்பெற்று வந்தது. அக்காலச் செய்தித்தாள்களிலோ அரசுப் பதிவுகளிலோ இதற்குச் சான்றில்லை. கொலம்பியா பல்கலைக்கழக வளிமண்டல அறிவியலாளர் ஆடம் சோபலும் அவருடன் பணியாற்றியோரும் இந்நிகழ்வு நடைபெறவேயில்லை என்னும் முடிவுக்கு வந்தனர். 2016இல் வெளிவந்த தம் நூலில் அமிதவ் கோஷும் இதனை விவாதித்துள்ளார். ஓரிலட்சம் உயிர்கள் என்னும் எண் நெடுங்காலம் வினவப்படாமல் பெயர்த்தெழுதப்பட்டமை வரலாறு எழுதுவோர் கருத்தில் கொள்ள வேண்டிய எச்சரிக்கையாகும்.

1948 நவம்பரில் தாக்கிய புயல் உண்மையானது. 2020 சூன் 3ஆம் நாள் 'நிசர்கா' புயல் நகருக்குத் தெற்கே அலிபாகை அடுத்த கடற்கரையில் கரை கடந்தது. மும்பை பெரிதும் தப்பியது. மின்சார டிராம் வண்டிகள் வரவிருந்த நிலையில், அவற்றின் மின்னோட்டம் காந்த அளவீடுகளைக் குலைக்கும் என்று கருதிக் கொலாபா ஆய்வகத்தின் காந்தப் பிரிவை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே அலிபாகுக்குத்தான் மாற்றினர் என்பது இடையே நினைவுகூரத்தக்க செய்தி. 2021 மே 17இல் கடலோரமாகவே வடக்கு நோக்கிச் சென்ற 'டவ்தே' புயல் கொலாபாவில் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வீசியது. எனினும், குடியிருப்பு வரலாற்றைப் பொறுத்தவரை இவை யாவும் 2005க்குப் பிற்பட்ட இடத்தையே பெறுகின்றன.

மூன்று நிலங்கள்

தாராவி, மித்தி ஆறு மாகிம் கழிமுகத்தை அடையும் சதுப்பின் ஓரத்தே அமைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோல் பதனிடும் தொழில் இங்கு வேரூன்றியபோது திருநெல்வேலிப் பகுதி இசுலாமியரும் ஆதிதிராவிடரும் அத்தொழிலுக்கு வந்து சேர்ந்தனர். 1887இல் எழுந்ததாகக் கூறப்படும் பெரிய பள்ளிவாசலும், ஆதிதிராவிட மகாஜன சங்கத்தார் எழுப்பிய பிள்ளையார் கோயிலும் அக்குடியேற்றத்தின் சான்றுகள். சதுப்பில் கழிவும் மண்ணும் கொட்டி, மேடாக்கி, அதன்மேல் குடியேறினர். தாம் வாழும் நிலத்தைத் தாமே உண்டாக்கியவர்கள் என்று தாராவி மக்களைக் கூறுவது மிகையாகாது.

மாட்டுங்காவின் தோற்றம் வேறு. 1896ஆம் ஆண்டுக் கொள்ளைநோயைத் தொடர்ந்து 1898இல் அமைக்கப்பட்ட நகர மேம்பாட்டு அறக்கட்டளை திட்டமிட்டு வகுத்த பகுதி அது. அகன்ற தெருக்கள், மரங்கள், மூன்று நான்கு தளக் கட்டடங்கள் ஆகியவற்றோடு அமைந்த அப்பகுதியில் தென்னிந்திய நடுத்தர வகுப்பினர் குடியேறினர். 1932இல் தொடங்கப்பெற்ற தென்னிந்தியக் கல்விக் கழகம் அவர்களின் நிலைபேற்றுக்குச் சான்று. ஆயினும் கிங்ஸ் சர்க்கிள் சுற்றுவட்டாரம் கிண்ணம் போன்ற தாழ்நிலம். பெருமழைதோறும் முதலில் நீர் தேங்கும் இடங்களுள் ஒன்று. செம்பூரில் குன்றும் சரிவும் உண்டு. சேடா நகர் முருகன் கோயிலைச் சூழ்ந்து வாழும் தமிழர்களும், குன்றடியில் குடிசையமைத்த ஏழை மக்களும் ஒரே ஊர்ப்பெயரால் சுட்டப்படுகின்றனர். மழை அவர்களை ஒரே வகையில் நடத்துவதில்லை. 2021 சூலை 18ஆம் நாள் அதிகாலை பாரத் நகரில் மதில் சரிந்து 19 பேர் உறக்கத்திலேயே மாண்டமை இவ்வேறுபாட்டைக் காட்டும்.

சூலை 26

அன்று பிற்பகலில் தொடங்கிய மழை, ஒரு மணி நேரத்தில் 190 மி.மீ. என்னும் அளவை எட்டியது. மறுநாள் காலை 8.30 வரையிலான 24 மணி நேரத்தில் சாந்தாக்ரூஸ் நிலையத்தில் 944 மி.மீ. பதிவாயிற்று, அதே நகரின் தென்கோடியில் கொலாபாவில் பதிவானது ஏறத்தாழ 73 மி.மீ. மட்டுமே. நகரின் வடிகால்களோ மணிக்கு 25 மி.மீ. மழைக்கென அமைக்கப்பட்டவை. அவற்றை இருமடங்கு திறனுடையனவாக்க வேண்டும் என்று 1993ஆம் ஆண்டின் வடிகால் அறிக்கை பரிந்துரைத்திருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் அதன் பெரும்பகுதி நிறைவேறவில்லை. கடலில் கலக்கும் 105 வடிகால் வாய்களுள் மூன்றிற்கு மட்டுமே மதகு இருந்தது. ஏறத்தாழ நான்கரை மீட்டர் உயர ஓதம் அதே பிற்பகலில் எழவே, வெளியேற வேண்டிய நீருடன் கடல்நீரும் உள்ளே புகுந்தது.

விகார், பவாய் ஏரிகளிலிருந்து வரும் மித்தி ஆறு, விமான நிலையத்தை ஒட்டி வளைக்கப்பட்டும், பாந்திரா–குர்லா வணிக வளாகத்துக்காகச் சதுப்பு தூர்க்கப்பட்டமையால் குறுக்கப்பட்டும் இருந்தது. ஒரு கரையில் புதிய கண்ணாடி மாளிகைகள், மறுகரையில் தாராவி. ஆற்றை அடைத்தது குடிசைகளே என்னும் கூற்று அந்நாளில் பரவலாக வழங்கியது. ஆற்றின் இருகரையையும் நோக்குவார்க்கு அது பாதி உண்மையே என்பது புலனாகும். மாதவ் சித்தலே தலைமையிலான உண்மையறியும் குழு 2006இல் அளித்த அறிக்கை, பல காரணங்கள் ஒருங்கு கூடியமையை எடுத்துரைத்தது.

மாநிலம் முழுவதும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். நீர் வடிந்தபின் எலிக்காய்ச்சல் பலரைக் கொண்டது. தொடர்வண்டிகள் நின்றமையால் இலட்சக்கணக்கானோர் இருப்புப்பாதை வழியே நடந்தனர். முன்பின் அறியாத வீடுகள் அவர்களுக்கு இடமளித்தன. இதனை நகரின் மனவுறுதி என்று பாராட்டிய எழுத்துகள் மிகுதி. அப்பாராட்டு உண்மையே ஆயினும், வடிகால் பற்றிய வினாக்கள் அதில் மறைந்துபோயின.

உடைமை இழப்பினும் கொடியது ஆவண இழப்பு. 2004 திசம்பர் முதல் சில மாதங்கள் நகரில் குடிசைகள் பெருமளவில் இடிக்கப்பட்டிருந்தன. 1995 சனவரி 1க்கு முன்பிருந்தே குடியிருப்பதை மெய்ப்பிப்போர்க்கே மாற்று வீட்டுக்கு உரிமையிருந்தது. அம்மெய்ப்பு குடும்ப அட்டையிலும் வாக்காளர் பட்டியலிலும் அடங்கியிருந்தது. ஆகவே, தரைத்தள வீட்டின் தகரப் பெட்டியில் நனைந்து கரைந்த தாள் வெறுந்தாளன்று, அவ்வீட்டின் வருங்காலம். இரும்பேணி வழியே ஏறும் மேலறை உடையோர் பெட்டியை மேலேற்றினர். பரண்கூட இல்லாதோர்க்கு அதற்கும் வழியில்லை.

இருளும் மாவும்

புறநகர்ப் பகுதிகள் பலவற்றில் மின்சாரம் தானே நின்றதன்று; நிறுத்தப்பட்டது. மின்மாற்று நிலையங்களுள் நீர் புகுந்த நிலையில், தெருநீரில் மின்சாரம் பாய்ந்து உயிர்கள் போகாதிருக்க அது வேண்டியதாயிற்று. உயிர்காக்கவே இருள் வந்ததெனினும், சில இடங்களில் அது நாட்கணக்கில் நீடித்தது. 1905இல் தனியார் குழுமமாகத் தோன்றி 1947இல் மாநகராட்சியின் உடைமையான பெஸ்ட் நிறுவனத்தின் மின்வழங்கல் எல்லை மாகிம், சயானோடு முடிகின்றது. தாராவி அவ்வெல்லைக்குள்ளும், ஆற்றுக்கு அப்பாற்பட்ட பகுதி வேறொரு நிறுவனத்தின்கீழும் இருந்தன.

மின்தடை என்பது விளக்கின்மை மட்டுமன்று. தாராவித் தமிழர் பலரின் பிழைப்பு இட்லித் தொழில். முன்னாள் ஊறவைத்து அரைத்த மாவை விடியலுக்கு முன் அவித்து, மிதிவண்டியில் நகரெங்கும் கொண்டு விற்பர். மின் அரவை நின்றால் மறுநாள் வருவாய் இல்லை. அரைத்து வைத்த மாவோ ஆடி மாதத்துப் புழுக்கத்தில் புளித்துப்போம். அரிசிக்கும் உளுந்துக்கும் பட்ட கடன் மட்டும் நிற்கும். ஆட்டுக்கல் பத்தடிச் சதுர அறையில் இடம்பெறாமற்போய்ப் பல்லாண்டுகளாயின. மாட்டுங்காவின் பழைய கட்டடங்களில் மாடிப்படியின்கீழ் அமைந்த மின்அளவிப் பெட்டிகள் நீரில் மூழ்கும்போது மேல்தளத்தாரும் இருளில் அமர நேரிடும். 1995இல் அமைந்த குடிசை மறுவாழ்வு ஆணையத்தின் திட்டங்களால் ஏழுமாடிக் கட்டடங்களுக்குச் சென்றோர்க்கு வெள்ளம் எட்டாது. ஆனால் நீரேற்றும் விசைப்பொறி நின்றவுடன் குடிநீரும் நிற்கும். தரையில் நீர் மிகுதியால் துன்பம். மாடியில் நீரின்மையால் துன்பம்.

வெளியே மின்கட்டமைப்பு சரியும்போது நகரைத் தனித்துப் பிரித்துக் காக்கும் ஏற்பாடு மும்பைக்கு நெடுங்காலமாக உண்டு. 2012 சூலையில் வடஇந்தியா இருண்டபோது மும்பை ஒளியுடன் இருந்தது. 2020 அக்டோபர் 12ஆம் நாள் அவ்வேற்பாடு பயன்படவில்லை. மழையோ புயலோ இன்றி, பெருந்தொற்றுக் காலத்தில், நகர் முழுவதும் மணிக்கணக்கில் மின்சாரம் இழந்தது. அடுத்த ஆண்டு 'டவ்தே' நெருங்கியபோது, தாராவிக்கு எதிர்க்கரையில் தூர்க்கப்பட்ட அதே சதுப்புநிலத்தில் எழுந்திருந்த தற்காலிகத் தொற்றுநோய் மருத்துவமனையிலிருந்து நோயாளிகளை வேறிடம் மாற்ற வேண்டியதாயிற்று.

2023 திசம்பர் 17, 18ஆம் நாட்களில் தூத்துக்குடி மாவட்டக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 946 மி.மீ. மழை பதிவாயிற்று. சாந்தாக்ரூஸ் பதிவினும் 2 மி.மீ. மிகுதி. தாமிரவருணி கரை கடந்தது. திருவைகுண்டத்தில் தொடர்வண்டியொன்று நூற்றுக்கணக்கான பயணிகளுடன் சிக்கியது. மின்சாரம் நின்று, செல்பேசிக் கோபுரங்களும் ஓய்ந்தன. தாராவித் தமிழர் பலரின் பூர்வீக ஊர்கள் அவ்வட்டாரத்தைச் சார்ந்தவை. 2005இல் ஊரிலிருந்தோர் மும்பைக்கு அழைத்து விடை பெறாதிருந்தனர். இம்முறை அழைப்பு மும்பையிலிருந்து சென்றது.