நாகையிலிருந்து திருச்சிக்கு: தூய வளனார் கல்லூரியின் வரலாறும் தமிழ்க் கல்வியும்

முன்னுரை

துறவற சபைகள் நடத்தும் கல்வி நிறுவனங்களின் வரலாறு பெரும்பாலும் விழா மலர்களிலேயே பதிவாகியுள்ளது. தலைவர்களின் வரிசையும் கட்டடங்கள் எழுந்த ஆண்டுகளும் அம்மலர்களில் இடம்பெறுகின்றன. பயிற்றுமொழி எது, அதனைத் தேர்ந்தவர் யார், தமிழுக்குக் கிடைத்த இடம் யாது என்னும் வினாக்கள் அவற்றில் எழுவதில்லை. பாலக்காடு, இடுக்கி ஆகிய எல்லைப் பகுதிகளில் வாழும் தமிழர்க்கு இவை அன்றாட வினாக்கள். இவற்றின் வேர்களை அறிய, தமிழகத்தில் இயேசு சபையினர் நிறுவிய முதன்மையான கல்வி நிலையத்தின் வரலாற்றை மொழிநோக்கில் காண்பது பயன் தரும். இக்கட்டுரை தூய வளனார் கல்லூரியின் தோற்றம், இடமாற்றம், கிளைப்பு ஆகியவற்றை அவ்வகையில் ஆராய முற்படுகிறது.

முன்னோர் மரபு

இயேசு சபையினரின் தமிழ்த் தொடர்பு கேரள மண்ணிலும் ஆழமாக வேர்கொண்டது. அண்டிரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் அச்சேறியது கொல்லத்தில். புரோயென்சா அடிகளாரின் தமிழ் - போர்த்துக்கீசிய அகராதி 1679-இல் வெளிவந்தது இன்றைய திருச்சூர் மாவட்டத்து அம்பழக்காட்டில். 1606-இல் மதுரை வந்த தத்துவ போதகர் தமிழ் உரைநடையில் சமய நூல்களை இயற்றினார். வீரமாமுனிவர் தேம்பாவணியையும் சதுரகராதியையும் அளித்தார். இவர்கள் அனைவரும் தாம் தமிழ் கற்று, அதன்பின் தமிழிலேயே கற்பித்தவர்கள் என்பது கருதத்தக்கது. ஆசிரியர் மாணவரின் மொழிக்கு வந்த காலம் அது.

1773-இல் திருத்தந்தை பதினான்காம் கிளமெண்ட் இயேசு சபையைக் கலைத்தார். 1814-இல் சபை மீண்டும் உயிர்பெற்றது. பெர்த்ராண்ட் அடிகளார் தலைமையில் பிரெஞ்சுத் துறவியர் 1837-இல் புதுச்சேரி வந்து, பின் மதுரை மறைத்தளத்தில் பணியேற்றனர். முந்நூல் தரித்து மடத்துத் துறவிபோல் வாழ்ந்த தத்துவ போதகரின் உலகம் அன்று இல்லை. ஆட்சி ஆங்கிலேயரிடம் இருந்தது. தரங்கம்பாடியில் 1706 முதல் வேரூன்றிய சீர்திருத்தச் சபையினர் பள்ளிகளைப் பெருக்கியிருந்தனர். ஆங்கிலம் அறிந்தவர்க்கே அரசுப் பணி கிட்டியது.

நாகைக் காலம் (1844 - 1883)

இச்சூழலில் 1844-இல் நாகப்பட்டினத்தில் தூய வளனார் கல்லூரி தொடங்கப்பெற்றது. முந்திய ஆண்டில் கார்னியே அடிகளார் உள்ளிட்ட துறவியர் சிலர் இறந்திருந்தனர். ஐரோப்பாவிலிருந்து வருவோரை மட்டுமே நம்பி மறைத்தளம் நிலைக்காது என்பதை இவ்விழப்புகள் உணர்த்தியிருக்கும் எனலாம். எனவே இக்கல்லூரியின் முன் இரண்டு தேவைகள் நின்றன. ஒன்று, இம்மண்ணிலேயே குருக்களை உருவாக்குவது; மற்றொன்று, கத்தோலிக்க இளைஞர்க்கு ஆங்கிலக் கல்வி அளிப்பது. பிரெஞ்சு மொழியினர் தமிழ் மாணவர்க்கு ஆங்கிலம் கற்பிக்க நேர்ந்த முரணும் இதனால் விளைந்தது.

1854-இல் வெளியான உட் அவர்களின் கல்வி அறிக்கை தனியார் பள்ளிகளுக்கு அரசு நல்கைக்கு வழிவகுத்தது. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. 1866-இல் வளனார் கல்லூரி அப்பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. இவ்விணைப்பே இக்கல்லூரி வரலாற்றின் முதல் திருப்பம் எனலாம். அதுவரை எதைக் கற்பிப்பது என்பதைத் துறவியர் தாமே முடிவு செய்தனர். இனி அது பல்கலைக்கழகத்தின் பொறுப்பாயிற்று. ஆங்கிலம் பயிற்றுமொழியாகவும் தேர்வுமொழியாகவும் நிலைபெற, தமிழ் ஒரு பாடம் என்ற அளவில் சுருங்கியது. இஃது ஒரு சபையின் விருப்பத்தால் மட்டும் நேர்ந்ததன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து நாட்டுமொழிகளை நீக்க முயற்சி நடந்தபோது, அதனை எதிர்த்துக் குரலெழுப்பிய பரிதிமாற் கலைஞரும் ஒரு மறைத்தளக் கல்லூரியின் தமிழாசிரியரே. நிறுவனத்தின் கொள்கையையும் அதனுள் பணியாற்றிய தமிழாசிரியரின் பங்கையும் வேறுபடுத்திக் காண வேண்டும் என்பதற்கு இது சான்று.

திருச்சிக்கு மாற்றம்

1883-இல் கல்லூரி திருச்சிராப்பள்ளிக்கு மாறியது. நாகை துறைமுக நகரம். கடல்வழி வந்தோர்க்கு அது வாயில். ஆனால் 1860களின் தொடக்கத்திலேயே நாகைக்கும் திருச்சிக்கும் இடையே இருப்புப்பாதை அமைந்துவிட்டது. உள்நாட்டு மாணவர் வந்துசேரத் திருச்சியே நடுவிடமாயிற்று. ஆயர் கனோஸ் அடிகளாரின் தலைமையிடமும் திருச்சியாகவே இருந்தது. 1886-இல் திருச்சி மறைமாவட்டம் ஏற்பட, அவரே அதன் முதல் ஆயரானார். கடல்நோக்கி நின்ற கல்லூரி நாட்டின் உட்பகுதியை நோக்கித் திரும்பியதாக இம்மாற்றத்தைக் கொள்ளலாம்.

திருச்சியிலிருந்து இம்மரபு கிளைத்தது. பாளையங்கோட்டையில் தூய சவேரியார் கல்லூரி 1923-இலும், சென்னையில் இலயோலாக் கல்லூரி 1925-இலும் எழுந்தன. வளனார் கல்லூரியின் தலைவராக இருந்த பெர்த்ராம் அடிகளாரே இலயோலாவின் முதல் தலைவரானார். இராமேசுவரத்து அப்துல் கலாம் 1954-இல் வளனார் கல்லூரியில் இயற்பியல் பட்டம் பெற்றார். சமய எல்லை கடந்து மாணவர் சேர்ந்தமைக்கு அவர் அறியப்பட்ட சான்று.

ஆயினும் கல்வியின் வாயில் எல்லார்க்கும் ஒருங்கே திறந்திருந்தது எனக் கொள்வதற்கில்லை. திருச்சபைக்குள்ளேயே சாதி வலிமையுடன் இருந்தது. வடக்கன்குளம் கோயிலில் சாதியாரைப் பிரித்து நின்ற தடுப்பை 1910-இல் கொசானல் அடிகளார் அகற்றியபோது, வழக்கு சென்னை உயர்நீதிமன்றம்வரை சென்றது. தீர்ப்பு பிரிவினை கோரியோர்க்கு எதிராக அமைந்தது. வழிபாட்டிடத்தில் இத்தகைய போராட்டம் தேவைப்பட்ட காலத்தில், பள்ளியின் விடுதியிலும் வகுப்பறையிலும் யார் இடம்பெற்றனர் என்னும் வினாவைத் தவிர்த்து எழுதப்படும் நிறுவன வரலாறு முழுமையானதாகாது.

தமிழ் மீண்ட வழி

பாடமாகச் சுருங்கிய தமிழ் ஆய்வின் வழியே மீண்டது. இயேசு சபையைச் சார்ந்த ச. இராசமாணிக்கம் அடிகளார் தத்துவ போதகரின் தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். சவேரியார் கல்லூரியில் பேராசிரியர் தே. லூர்து முதலியோர் நாட்டார் வழக்காற்றியலை ஒரு கல்வித் துறையாக வளர்த்தனர். மக்களின் பேச்சும் பாட்டும் சடங்கும் கல்லூரிக்குள் நுழைந்தபோது, மாணவரின் மொழிக்கு ஆசிரியர் வரும் பழைய மரபு புதிய வடிவில் தொடர்ந்தது எனலாம்.

எல்லைப் பகுதிக்கான பொருத்தம்

1956 வரை பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது; தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரைச் சார்ந்தவை. திருச்சபையின் எல்லைகளும் இவ்வாறே வேறுபட்டன. பாலக்காட்டுத் தமிழ்க் கத்தோலிக்கர் கோவை மறைமாவட்டத்தின்கீழ் இருந்தனர். 2013-இல்தான் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் தனியே அமைந்தது. மூணாற்றுத் தேயிலைத் தோட்டத் தமிழரோ வராப்புழையைச் சார்ந்திருந்து, 1930 முதல் விசயபுரம் மறைமாவட்டத்தில் அடங்கினர். ஒரே மொழி பேசுவோர், ஒரே சமயத்தவர்; ஆயினும் ஒரு சாராரின் குருக்களும் பள்ளிகளும் தமிழகத்தோடும், மறுசாராருடையவை கேரளத்தோடும் இணைந்திருந்தன. எனவே எல்லைப்புறத் தமிழ்ப் பள்ளிகளின் நிலையை ஆராய்வோர் மாநில எல்லையை மட்டுமன்றி மறைமாவட்ட எல்லையையும் கருத்திற் கொள்ள வேண்டும்.

முடிவுரை

வளனார் கல்லூரியின் வரலாறு மூன்று செய்திகளை உணர்த்துகிறது. துறவற சபையின் கல்விக் கொள்கை ஒரே நிலையில் நின்றதன்று. ஆட்சி, தேர்வு முறை, போக்குவரத்து ஆகியவற்றால் அது மாறியது. தமிழின் தாழ்வு பல்கலைக்கழக இணைப்போடு நேர்ந்தது. அதன் மீட்சி தனி அறிஞர்களின் உழைப்பால் வந்தது. இறுதியாக, இவ்வரலாற்றின் பெரும்பகுதி துறவியரின் மடல்களைக் கொண்டே எழுதப்பட்டுள்ளது. வகுப்பறையில் தமிழ் கற்பித்த புலவர்களின் வரலாறு சேர்க்கைப் பதிவேடுகளிலும் ஊதியப் பட்டியல்களிலும் பழைய வினாத்தாள்களிலும் தேடப்பட வேண்டியது. அவை செல்லரித்துப் போவதற்குமுன் அப்பணியை மேற்கொள்வது தமிழ்த்துறைகளின் கடமையாகும்.