விழுந்துக்கிட்டே இருக்கிற கட்டைகள்

"9999 இன் 1"னு பெட்டி மேல போட்டு, சாம்பல் கலர் ஸ்க்ரீனோட ஒரு சீனத்து கேம் வந்துச்சே, ஞாபகம் இருக்கா மக்களே? 90கள்ல பர்மா பஜார்ல இருந்து திருவிழாக் கடை வரைக்கும் கிடைச்சுது. இங்க புனேல கூட வேலை பார்க்கிற மராத்தி நண்பர்களைக் கேட்டா, அவங்க துளசிபாக்ல வாங்கினாங்களாம். பேருக்குத்தான் 9999. எல்லாரும் ஆடினது கட்டை அடுக்கறதை மட்டும்தான். அதாவது டெட்ரிஸ்.

அதோட பூர்வீகம் மாஸ்கோ. சோவியத் அறிவியல் அகாடமியோட கம்ப்யூட்டர் மையத்துல வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னோவ் 1984ல எழுதினது. அவர்கிட்ட இருந்த எலெக்ட்ரானிகா 60 மெஷின்ல படம் வராது, எழுத்து மட்டும்தான். அடைப்புக்குறிகளைச் சேர்த்து வெச்சே கட்டை பண்ணினார் மனுஷன்! நாலு சதுரம் ஒட்டின ஏழு வடிவம். முதல்ல ஸ்க்ரீன் சட்டுனு நிறைஞ்சு போச்சாம். நிறைஞ்ச வரிசையை அழிச்சிடலாம்னு அப்புறம்தான் தோணியிருக்கு.

என்னைக் கேட்டா விளையாட்டோட உயிரே அங்கதான். ஒழுங்கா அடுக்கினது மறைஞ்சு போயிடும். ஓட்டை விழுந்தது மட்டும் கண்ணு முன்னாடியே நிக்கும். பேங்க்காரங்களுக்கு இது சட்டுனு புரியும். டேலியான என்ட்ரியை யாரு திரும்பிப் பார்க்கறா? சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல தொங்கற ஒரு தொகைதான் ராத்திரி வீடு வரைக்கும் கூட வருது.

சும்மா சொல்லலை. 2000ல ஹார்வர்டுல ராபர்ட் ஸ்டிக்கோல்ட் 27 பேரை டெட்ரிஸ் ஆட வெச்சு, தூங்கப் போற நேரத்துல என்ன தெரியுதுன்னு கேட்டார். பல பேருக்குக் கட்டை விழறது தெரிஞ்சிருக்கு. அதுல அஞ்சு பேர் மறதி நோயாளிங்க. கேம் ஆடினதே அவங்களுக்கு ஞாபகம் இல்ல. ஆனா அவங்கள்ல மூணு பேர் ஏதோ வடிவங்கள் விழுதுன்னு சொல்லியிருக்காங்க!

காசு விஷயம் வேற கதை. 1989ல கேம் பாயோட சேர்ந்து உலகம் பூரா வித்தப்பவும் உரிமை சோவியத் அரசு நிறுவனமான எலோர்க் கையில. பஜித்னோவுக்கு ராயல்டி வர ஆரம்பிச்சது 1996லதான். (நம்ம சீனப் பெட்டியில இருந்து பைசா போயிருக்க வாய்ப்பே இல்ல.)

சரி, இதை ஜெயிக்க முடியுமா? இஸட் கட்டையும் அதோட கண்ணாடி பிம்பமும் மாறி மாறி வந்துக்கிட்டே இருந்தா எப்பேர்ப்பட்ட ஆளும் தோத்துத்தான் ஆகணும்னு 1997ல ஹைடி பர்கீல் கணக்குப் போட்டு நிரூபிச்சுட்டாங்க. 2023 டிசம்பர்ல அமெரிக்காவுல ஒரு 13 வயசுப் பையன் பழைய நின்டெண்டோவுல 157வது லெவல் வரைக்கும் போனான். அங்க தாங்காம உறைஞ்சு நின்னது கேம்தான், பையன் இல்ல :-)